நாய் போகும் பக்கம்: தெற்கு டகோட்டாவில் மூன்று நாள் ஃபெசன்ட் வேட்டை

முதல் நாள் காலை பத்தே கால் மணிக்கு நான் செய்த தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இடுப்பளவு புல், மேலே லேசாகப் பனி தூவிக் கிடக்கிறது. எனக்கு இருபதடி முன்னால் இடதும் வலதுமாக வளைந்து போய்க்கொண்டிருந்த என் நாய் மல்லி, திடீரென்று வலப்பக்கம் திரும்பி, வந்த வழியிலேயே பின்னால் போக ஆரம்பித்தாள். என் திட்டமோ நேரே நடந்து அந்தக் கோடியில் இருந்த சம்பங்கோரைப் பள்ளத்தைச் சேர்வது. விசில் ஊதினேன், வரவில்லை. அதட்டிக் கூப்பிட்டேன். அரை மனதோடு, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பத்தடிகூடப் போயிருக்க மாட்டோம், அவள் முகர்ந்துகொண்டிருந்த இடத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து, ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி இனப் பறவையின் சேவல் ஒன்று கொக்கரித்துக்கொண்டு விருட்டென்று எழும்பியது. நான் திரும்பித் துப்பாக்கியைத் தோளில் வைப்பதற்குள் அது ஐம்பது கெஜம் தாண்டிவிட்டது.

கூட வந்த பெரியவர் கோபப்படவில்லை. "மூக்கு அவளுக்குத்தான் இருக்கிறது, உனக்கு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்று நாளில் எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஆறு பறவைகள். அதில் நாலு, நான் பறவையே இருக்காது என்று நினைத்த இடத்தில் நாய் காட்டிக் கொடுத்தவை. நம்மவர்களில் சிலர் இப்போது வேட்டைப் பக்கம் வர ஆரம்பித்திருக்கிறார்கள், என்னிடமும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் பக்கம். சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். தாத்தா காலத்தில் வீட்டில் கன்னி நாய் இருந்தது, முயலுக்குப் போவார்கள், 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் அதெல்லாம் நின்றுபோனது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து விரட்டும் நாய்கள். முயல் கண்ணில் பட்டால் போதும், மிச்சத்தைக் கால் பார்த்துக்கொள்ளும். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால் வேட்டை நாய் என்றாலே எனக்கு வேகம்தான் மனதில் இருந்தது. ஃபெசன்ட் வேட்டையில் நாய்க்குக் கண் இரண்டாம் பட்சம். எல்லாம் மூக்கு. மூக்கால் வேலை செய்யும் நாயை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட நாலு வருடம் ஆகியிருக்கிறது.

ஃபெசன்ட் என்பது மயில், கௌதாரி, காட்டுக்கோழி இவற்றின் குடும்பம். சேவல் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். செம்பு நிற உடம்பு, பச்சை மினுங்கும் தலை, கண்ணைச் சுற்றிச் சிவப்பு, கழுத்தில் வெள்ளை வளையம், உடம்பளவுக்கு நீண்ட வால். பெட்டை முழுக்கக் காய்ந்த புல்லின் நிறம். இது அமெரிக்கப் பறவையே இல்லை. 1880களின் தொடக்கத்தில் ஷாங்காயில் அமெரிக்கத் துணைத் தூதராக (கான்சல் ஜெனரல்) இருந்த ஓவன் டென்னி என்பவர் சீனாவிலிருந்து கப்பலில் ஓரிகனுக்கு அனுப்பி, அங்கே வில்லாமெட் பள்ளத்தாக்கில் நிலைத்தது. தெற்கு டகோட்டாவுக்கு 1908, 1909 வாக்கில் வந்தது. 1919-இல் ஸ்பிங்க் கவுண்டியில் ஒரே ஒரு நாள் வேட்டைக்குத் திறந்துவிட்டார்கள், மாநிலத்தின் முதல் சீசன் அதுதான். 1943-இல் இதையே மாநிலப் பறவையாகவும் ஆக்கிவிட்டார்கள். நாங்கள் போனதும் அதே ஸ்பிங்க் கவுண்டிதான், ரெட்ஃபீல்டு ஊரில் தங்கினோம்.

எங்கள் பக்கமிருந்து 212-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் மேற்கே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். வாட்டர்டவுன் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடும். மைலுக்கு ஒரு மண் சாலை, கட்டம் போட்ட நோட்டு மாதிரி. மக்காச்சோளம், சோயா, நடுநடுவே தண்ணீர் தேங்கிய பள்ளங்கள், அவற்றைச் சுற்றிச் சம்பங்கோரை.

உரிமத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். மினசோட்டாவில் 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் உரிமம் வாங்கத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். நான் முதல் வருடமே முடித்தேன். வேட்டைக்கே போகாவிட்டாலும் படிக்க வேண்டிய வகுப்பு அது. தெற்கு டகோட்டாவில் வெளிமாநிலத்தவருக்குக் கொடுக்கும் உரிமம் ஐந்தைந்து நாளாக இரண்டு தவணை. அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை சீசன் ஆரம்பித்து ஜனவரி 31 வரை போகும். காலை 10 மணிக்கு முன்னால் சுடக்கூடாது, சூரியன் மறைந்தபின்னும் கூடாது. நாளுக்கு ஆளுக்கு மூன்று சேவல். பெட்டையைச் சுடவே கூடாது. சுட்ட பறவையை வண்டியில் கொண்டு போகும்போது சேவல்தான் என்று தெரிகிற மாதிரி தலையோ, இறகோடு ஒரு இறக்கையோ, காலோ உடம்பில் விட்டு வைக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், போகிற வருடத்தின் கையேட்டை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள்.

முதல் வாரம் போகாதீர்கள். கூட்டம் அதிகம், வெயிலும் இருக்கும். மக்காச்சோளம் அறுவடை ஆகாமல் நின்றால் பறவையெல்லாம் அதற்குள்தான் இருக்கும், அது தனியார் வயல். நாங்கள் நவம்பர் நடுவில், திங்கள் முதல் புதன் வரை போனோம். அறுவடை முடிந்திருந்தது. ஒரு பனியும் விழுந்து, பறவைகள் புல்லுக்கும் கோரைக்கும் வந்து சேர்ந்திருந்தன. காலையில் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ்.

பொது நிலத்திலும் வகை உண்டு. ஃபெடரல் அரசு நீர்ப்பறவைகளுக்காக வாங்கி வைத்த நிலம் ஒன்று, மாநில அரசின் வேட்டை நிலம் ஒன்று. அப்புறம், விவசாயியின் சொந்த நிலத்தை மாநிலம் குத்தகைக்கு எடுத்து, நடந்து மட்டும் உள்ளே போகலாம் என்று விட்டிருப்பது ஒன்று. ஓரத்தில் பலகை இருக்கும், போனில் வரைபடமும் இருக்கிறது. இரண்டையும் பாருங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தனியார் நிலமாக இருந்தால் கேட்காமல் கால் வைக்கக்கூடாது. முதல் இரண்டு வகை நிலங்களில் ஈய ரவை போட்ட தோட்டாவும் கூடாது, எஃகு மாதிரி நச்சில்லாத ரவைதான். ஈயத்தைவிட எஃகு லேசானது, தூரம் போகப் போக வேகம் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால் ஈயத்தில் 5-ஆம் நம்பர் போடுகிறவர்கள் எஃகில் 3-ஆம் நம்பர் போடுவார்கள் (நம்பர் குறையக் குறைய ரவை பெரிது). என் துப்பாக்கி 12 கேஜ் (குழலின் அளவு). 35 கெஜத்துக்கு மேல் போன பறவையை நான் சுடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

முதல் நாள் பத்து மணிக்கு நாங்கள் குறித்து வைத்திருந்த நிலத்தில் ஏற்கெனவே இரண்டு பிக்கப் நின்றிருந்தன. அப்படி இருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். சட்டப்படி உள்ளே போகலாம், ஆனால் இரண்டு கூட்டம் ஒரே புல்லுக்குள் எதிரும் புதிருமாக நடப்பது ஆபத்து, மரியாதையும் இல்லை. எப்போதும் ஐந்தாறு இடம் குறித்துக்கொண்டு போங்கள். இரண்டாவது இடத்தில்தான் மேலே சொன்ன சேவல் தப்பியது. மூன்றாவது இடத்தில் நான் பிக்கப்பின் பின்கதவைப் படாரென்று சாத்தினேன். முந்நூறு கெஜத்துக்கு அப்பால் கோரையிலிருந்து ஏழெட்டுப் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிப் பக்கத்துத் தனியார் வயலுக்குப் போய்விட்டன. நவம்பரில் இந்தப் பறவைகளுக்குக் கதவுச் சத்தம் என்னவென்று நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு கதவைச் சாத்தாமல் அழுத்தி மூடினோம், பேச்சைக் குறைத்தோம், விசிலையும் முடிந்தவரை விட்டோம்.

ஃபெசன்ட் முதலில் பறக்காது, ஓடும். புல்லுக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டு அது ஓடுகிற ஓட்டத்துக்கு நாய்தான் ஈடுகொடுக்க முடியும். பெரிய கூட்டமாகப் போகிறவர்கள் வயலின் மறுகோடியில் ஆட்களை நிறுத்தி வைப்பார்கள், ஓடிவந்த பறவை அங்கே ஆளைக் கண்டு எழும்பும். இரண்டு பேருக்கு அது சரிப்படாது. நாங்கள் எதிர்க்காற்றில் நடந்து, பறவையை ஏதாவது ஒரு முடிவுக்கு, அதாவது புல் முடிந்து உழுத நிலம் ஆரம்பிக்கும் மூலைக்கோ கோரை குறுகும் இடத்துக்கோ தள்ளிக்கொண்டு போவோம். காற்று முகத்தில் அடித்தால் பறவையின் வாசனை நாயிடம் வரும். எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்ய வேண்டும். வண்டி நிறுத்த வசதியான பக்கம் என்று பார்த்தால் பாதி நாள் வீண்.

மல்லி மஞ்சள் லாப்ரடார், மூன்று வயது. பறவையை எழுப்பிவிடும், சுட்டதை எடுத்துவரும். பெரியவரின் டியூக், ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், ஒன்பது வயது. அவன் வாசனை பிடித்ததும் சிலை மாதிரி நின்றுவிடுவான், நாம் போய்த்தான் பறவையை எழுப்ப வேண்டும். மல்லி அப்படி நிற்க மாட்டாள், அவள் என்ன சொல்கிறாள் என்று உடம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தவறுக்குப் பிறகு அன்று மதியம் முழுக்க நான் பறவையைத் தேடுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். சும்மா நடக்கும்போது வால் அகலமாக, சாவகாசமாக ஆடும். ஏதோ வாசனை கிடைத்தால் முதலில் மாறுவது வால்தான்: ஆட்டம் சின்னதாகி வேகமாகும், அடியிலிருந்து நுனி வரை விறைப்பாகும். அப்புறம் தலை தாழும். மூச்சு மாறும், அதைப் பக்கத்தில் இருந்தால் காதாலேயே கேட்கலாம், துருத்தி ஊதுவது மாதிரி புஸ் புஸ் என்று. வட்டம் போட்டுப் போட்டு வட்டம் சுருங்கும். கடைசியாக ஒரே நேர்கோட்டில் முன்னங்கால் இரண்டும் பனியை வாரி இறைக்கப் பாய்ந்தால், பறவை ஓடுகிறது, நானும் ஓட வேண்டும். ஒரு இடத்தில் கால் மாற்றி மாற்றி வைத்து மூக்கைப் புல்லின் வேரில் குத்தினால், பறவை அங்கேயே அமுங்கிக் கிடக்கிறது, துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு தயாராக வேண்டும்.

அன்று மூன்று மணி வாக்கில், வண்டி நின்ற இடத்திலிருந்து இருபது கெஜத்தில், சாலையோரக் குட்டைப் புல்லில் அவளுடைய வால் மாறியது. அந்த இடத்தில் முயல்கூட ஒளிய முடியாது என்று நினைத்தேன். ஆனாலும் இந்த முறை கூப்பிடவில்லை. இரண்டு வட்டம், குத்தினாள், சேவல் எழும்பியது. அதுதான் என் முதல் பறவை. டியூக் காட்டிய இன்னொன்றைப் பெரியவர் சுட்டார். முதல் நாள் கணக்கு இரண்டு.

சுடுவதைப் பற்றி நான் கடைப்பிடிக்கும் இரண்டு விஷயம். ஒன்று, பறவைக்குக் கீழே வானம் தெரிய வேண்டும். தாழப் பறக்கும் பறவையைச் சுட்டால் பின்னால் ஓடும் நாய் மேல் படும், எதிரே வரும் ஆள் மேல் படும். ஆரஞ்சுச் சட்டை இங்கே பறவை, முயல் மாதிரிச் சிறு வேட்டைக்குக் கட்டாயமில்லை, நாங்கள் எப்போதும் போடுகிறோம், நாய்களுக்கும் ஆரஞ்சுக் கழுத்துப்பட்டை. இரண்டு, சேவலா பெட்டையா என்று சந்தேகம் இருந்தால் சுடுவதில்லை. எழும்பியதும் முதலில் பார்ப்பவர் "ஹென்!" என்றோ "ரூஸ்டர்!" என்றோ சத்தம் கொடுப்பது வழக்கம். சேவல் பெரும்பாலும் கொக்கரிக்கும், ஆனால் எல்லாச் சேவலும் கொக்கரிக்காது. மாலையில் சூரியனுக்கு நேராக எழும்பினால் எல்லாமே கருப்பாகத்தான் தெரியும். அப்படி இரண்டு பறவைகளை விட்டேன், ஒன்று நிச்சயம் சேவலாக இருந்திருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாம் நாள் காலை ஒரு நீர்ப்பறவை நிலத்துக்குப் போனோம். பெரியவர் வாத்து வேட்டைக்குப் போவதை விட்டு வருஷக்கணக்காகிறது, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் 25 டாலர் கொடுத்து வாத்து ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்காக ஃபெடரல் அரசு விற்கும் வில்லை) வாங்குகிறார். 1934-இல் ஆரம்பித்த திட்டம் அது. டாலருக்கு 98 சென்ட் இந்த மாதிரிச் சதுப்பு நிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலிக்கும் வரியும் 1937-ஆம் வருடச் சட்டப்படி மாநிலங்களின் வனவிலங்கு வேலைக்குப் போகிறது, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உழுத நிலம், நடுவே இந்த ஒரு துண்டுதான் புல்லாக இருக்கிறது. பறவைகள் குளிரில் ஒண்டவும் வெயில் காலத்தில் முட்டை வைக்கவும் இதுதான் இடம். புல் போனால் ஃபெசன்ட் போய்விடும், அவ்வளவுதான் கணக்கு. நான் பிறந்த மண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத இந்த இடத்தில், யாருடைய அனுமதியும் கேட்காமல் நாயோடு உள்ளே நுழைய முடிகிறது. அதனால்தான் கீழே கிடக்கும் வெற்றுத் தோட்டாக்களை, என்னுடையது அடுத்தவருடையது என்று பார்க்காமல், பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து நீங்களும் செய்யுங்கள்.

அங்கே ஒரு ஓரத்தில் பறவைகளின் தீனிக்காக ஒரு பட்டை பயிரிட்டிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நம்ம ஊர் சோளம்! மைலோ என்கிறார்கள். குட்டை ரகம், செம்பழுப்புக் கதிர், பனியில் தலை தொங்கி நிற்கிறது. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். கரிசல் காட்டில் சிறுவனாகச் செய்தது.

அந்தச் சோளப் பட்டை முடியும் இடத்தில் மல்லி ஒரு சேவலை எழுப்பினாள். சுட்டேன், விழுந்தது, ஆனால் விழுந்த விதம் சரியில்லை. தலை நிமிர்ந்து, ஒரு இறக்கை மட்டும் தொங்க இறங்கினால் கால் நன்றாக இருக்கிறது, ஓடிவிடும் என்று அர்த்தம். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, அடுத்த பறவை எழும்பியதும் கண்ணை அங்கே திருப்புவது. உடனே இன்னொரு சேவல் எழும்பத்தான் செய்தது. நான் திரும்பவில்லை. விழுந்த இடத்தில் ஒரு வளைந்த புல்கற்றையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு நேராக அங்கே நடந்து, தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தேன். நாலு இறகு கிடந்தது, பறவை இல்லை. மல்லியைத் தொப்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டேன். அவள் நான் நினைத்த கோரைப் பக்கம் போகாமல் எதிர்த்திசையில், வெட்ட வெளியான உழுத நிலத்தின் ஓரமாகப் போனாள். முந்தின நாளாக இருந்தால் விசில் ஊதியிருப்பேன். பேசாமல் நின்றேன். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். எண்பது கெஜத்துக்கு அப்பால் ஏதோ வளைக்குள் தலையைவிட்டு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றவள், பின்வாங்கி வெளியே வந்தபோது வாயில் சேவல், உயிரோடு. கையில் வாங்கிக் கழுத்தைத் திருப்பி உடனே முடித்தேன். அந்த உடம்புச் சூடு கையுறைக்குள்ளும் தெரிந்தது. காலின் பின்முள் குட்டையாக மழுங்கி இருந்தது, அந்த வருடம் பிறந்தது. காயம்பட்ட பறவையை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். நாய் இல்லாமல் ஃபெசன்டைச் சுடவே கூடாது என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

அன்று மதியம்தான் அது நடந்தது. குத்தகை நிலம் ஒன்றில் புல்லுக்குள் பழைய முள்கம்பி வேலி. கம்பம் விழுந்து, கம்பி முழங்கால் உயரத்தில் புல்லோடு புல்லாகத் துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. மல்லி ஓடுகிற பறவையைத் துரத்திக்கொண்டு முழு வேகத்தில் அதில் போய் மோதினாள். கத்தக்கூட இல்லை. பறவையை எழுப்பிவிட்டுத்தான் நின்றாள். நான் கிட்டே போனபோது வால் ஆடிக்கொண்டிருந்தது, நெஞ்சிலிருந்து முன்னங்காலுக்கு உள்பக்கமாகத் தோல் ஒரு விரல் நீளம் கிழிந்து மடல் மாதிரித் தொங்கியது. பனியில் சிவப்பாகச் சொட்டு. எனக்குக் கை நடுங்கியது. நெஞ்சுக்குப் போடும் கனமான துணிக்கவசம் ஒன்று வாங்கி வைத்திருந்தேன், காலையில் உறைந்துபோய் விறைப்பாக இருக்கிறதே என்று வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பெரியவர் இரண்டு துப்பாக்கியிலும் தோட்டாவை எடுத்துவிட்டு மடக்கி வைத்தார், அதுதான் அவர் செய்த முதல் வேலை. பிறகு அவள் தலையை என் மடியில் வைக்கச் சொல்லி, பையிலிருந்த சலைன் முழுவதையும் காயத்தில் பீய்ச்சிக் கழுவினார். அவரிடம் தோல் ஸ்டேப்ளர் இருந்தது, அடிக்கவில்லை. சின்ன, சுத்தமான கிழிசலுக்குத்தான் அது, ஆழமான அழுக்குக் காயத்தை வெளியே மூடினால் உள்ளே சீழ் கட்டும் என்றார். துணிப்பஞ்சு வைத்து, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் பட்டையால் உடம்பைச் சுற்றிக் கட்டினோம், மூச்சு விட இடம் விட்டு. இருபத்தேழு கிலோ நாயை அரை மைல் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தோம். கால்நடை மருத்துவரின் நம்பரைப் பயணத்துக்கு முன்பே போனில் சேமித்து வைத்திருந்தேன், அந்த ஒன்றையாவது சரியாகச் செய்திருந்தேன். மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்து, நீர் வடிய ஒரு குழாய் வைத்து, பதினொரு தையல். தசை அறுபடவில்லை.

அன்றிலிருந்து கவசம் போடாமல் மல்லி வண்டியை விட்டு இறங்குவதில்லை. எங்கள் பையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்: சலைன் பாட்டில், பஞ்சு, ஒட்டும் பட்டை, கத்திரிக்கோல், ஸ்டேப்ளர், முள் பிடுங்க இடுக்கி, கண்ணிக் கம்பியை வெட்டும் அளவுக்குப் பலமான கட்டர், கால் உறை, ஒரு சின்ன பாட்டில் தேன். தேன் எதற்கென்றால், மணிக்கணக்காக ஓடும் நாய்க்குச் சர்க்கரை இறங்கித் தள்ளாட்டம் வரும், அப்போது ஈறில் தடவ. காலையில் வயிறு நிறையப் போடாதீர்கள், ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. முந்தின ராத்திரியே நன்றாகப் போட்டுவிட்டு, பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீர், குளிர் காலத்திலும், அரை மணிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் விரலிடுக்கு, அக்குள், காது, கண் ஓரம் தடவிப் பாருங்கள். நெருஞ்சி மாதிரி ஒரு முள் பாதத்தில் ஏறும். புல்லின் கூர்விதைகள் தோலுக்குள் நுழைந்தால் உள்ளேயே நகர்ந்துகொண்டு போய்ப் பெரிய தொந்தரவாகும்.

மூன்றாம் நாள் திரும்பிவிடலாம் என்று இருந்தேன். மல்லிக்கு ஓய்வுதான் வேண்டும், அதை வண்டியிலும் எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னதால் தங்கினோம். ஹீட்டர் போட்டு, கம்பளி விரித்து, காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டி அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து, டியூக் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு சின்னச் சின்ன நடையாக, மணிக்கு ஒரு தடவை வண்டிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனோம். மூன்று மணி வரை ஒன்றுமில்லை. அதன்பின் பெரியவர் வேறெங்கும் போக வேண்டாம், சோளப் பட்டை இருக்கும் அந்த நிலத்திலேயே காத்திருப்போம் என்றார். கடைசி ஒரு மணி நேரம்தான் அவருக்குப் பிடித்த நேரம். பகலெல்லாம் அறுத்த வயல்களில் மேய்ந்த பறவைகள் ராத்திரி தங்கப் புல்லுக்குத் திரும்பும். சூரியன் ஐந்து மணிக்கு மறையும், நாலு மணிக்கு உள்ளே இறங்கினோம்.

டியூக் வயதானவன், மெதுவாகத்தான் போவான். புல்லும் சோளமும் சேரும் ஓரத்தில் ஒரு அடி எடுத்து வைக்கப் போனவன் அந்தக் காலைக் கீழே வைக்கவேயில்லை. முன்னங்கால் மடங்கியபடி, உடம்பு வில் மாதிரி இடப்பக்கம் வளைந்து, மூக்கு ஒரு கோரைக் கற்றையை நோக்கி. மூக்கு நுனி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் எனக்குக் கை காட்டினார். நான் பக்கவாட்டில் சுற்றிப் போய்க் கற்றையை மிதித்தேன். ஒன்றல்ல, நாலு எழும்பின. "ஹென், ஹென், ரூஸ்டர்!" நாலாவதும் சேவல். ஆளுக்கு ஒன்று. மறைய இருபது நிமிஷம் இருக்கும்போது இன்னொன்று, அதுவும் டியூக் நின்றது. பெரியவர் சுட்டார். வண்டிக்கு வந்ததும் மூன்று பறவையையும் பின்சீட்டுக் கதவைத் திறந்து மல்லிக்குக் காட்டினேன். கூம்போடு தலையை நீட்டி ஒவ்வொன்றாக முகர்ந்தாள், ரொம்ப நேரம்.

ரெட்ஃபீல்டு மாதிரி ஊர்களில் தங்கும் விடுதியிலேயே பறவை சுத்தம் செய்ய ஒரு அறை இருக்கும். அங்கே நான் எப்போதும் இரைப்பையை அறுத்துப் பார்ப்பேன், நாளைக்கு எங்கே போவது என்று அது சொல்லும். அன்று மூன்றிலும் மக்காச்சோளமும் சோயாவும், ஒன்றில் மட்டும் உருண்டை உருண்டையாகச் சோளம்.

கறி நாட்டுக்கோழி மாதிரி, கொழுப்பே இல்லை. நெஞ்சை அதிகம் வேகவிட்டால் சக்கையாகிவிடும். தொடையையும் காலையும் தனியாக எடுத்து, காலில் இருக்கும் கெட்டி நரம்புகளை உருவி, மிளகு சீரகம் அரைத்துவிட்டுக் குக்கரில் நாலைந்து விசில். நெஞ்சுக் கறியைச் சின்னதாக நறுக்கிக் கடைசியில் நல்லெண்ணெயில் வதக்கிச் சேர்க்க வேண்டும். கடிக்கும்போது ரவை இருக்கும், குழந்தைகளுக்குப் பிய்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். பறவையைக் காட்டலாம் என்று இறகெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. "நாயைக் காட்டுப்பா" என்றார். போனைக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். எந்தப் பக்கம் கிழிந்தது, கால் ஊன்றுகிறதா, சாப்பிடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தாத்தாவின் கன்னிக்கு ஒரு தடவை வேலிமுள் கிழித்ததையும், வேப்பெண்ணெய் போட்டு ஒரு மாசம் திண்ணையில் கட்டி வைத்திருந்ததையும் சொன்னார். அந்தக் கதையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "தையல் பிரிச்சதும் சொல்லு" என்றார். பன்னிரண்டாம் நாள் பிரித்தார்கள், அங்கிருந்தே கூப்பிட்டுச் சொன்னேன்.